ஒரே குருவழி, இரண்டு எண்கள்: 20ஆம் தலைமுறையா, 12ஆம் தலைமுறையா?

மூங்கில்நிழல்:

எல்லோருக்கும் வணக்கம். தாய் சி என்ற சீனத் தற்காப்புக் கலையைச் சென் குடும்ப வழியில் பழக ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. ஒரு கேள்வி மனதைப் போட்டு அரிக்கிறது. இங்கே அனுபவசாலிகள் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

எங்கள் ஆசிரியர் வகுப்புச் சுவரில் குருவழிப் பட்டியல் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார். கடைசி வரியில் அவர் பெயர், நேரே "20ஆம் தலைமுறை". போன மாதம் வேறு ஊரில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போனேன். அங்கே சொல்லித் தந்தவரும் எங்கள் ஆசிரியரும் சீனாவில் ஒரே பெரியவரிடம் மண்டியிட்டு, தேநீர் கொடுத்து, முறைப்படி சீடரானவர்கள். ஆனால் அங்கே கொடுத்த தாளில் அவர் "12ஆம் தலைமுறை" என்று போட்டிருந்தது.

முகாமில் இது பெரிய பேச்சாகிவிட்டது. இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று சிலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். எங்கள் ஆசிரியர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் அவரிடமே போய்க் கேட்கவும் மனம் வரவில்லை. யாராவது விளக்க முடியுமா?

ஆற்றங்கரை:

தம்பி, இருவர் சொல்வதும் சரி. 20இலிருந்து 12ஐக் கழித்தால் 8. விஷயம் முழுவதும் அந்த எட்டில்தான் இருக்கிறது.

ஹெனான் மாகாணத்தில் வென் மாவட்டத்தில் மஞ்சள் நதிக்கு வடக்கே இருக்கிறது சென்ஜியாகோ கிராமம். பெயருக்கே "சென் குடும்பத்து ஓடைப்பள்ளம்" என்றுதான் பொருள். மிங் ஆட்சியின் தொடக்கத்தில், 1370களில், ஷான்சி மாகாணத்து ஹோங்தோங்கிலிருந்து குடிபெயர்ந்து வந்த சென் பு என்பவர்தான் அந்தக் குடும்பத்தின் முதல் ஆள். குடும்ப வம்சாவளி ஏடு அவரை 1 என்று வைத்து எண்ணத் தொடங்குகிறது.

அவருக்கு ஒன்பதாவது தலைமுறையில் வந்தவர் சென் வாங்டிங். மிங் ஆட்சி விழுந்து சிங் ஆட்சி வந்த 17ஆம் நூற்றாண்டின் மனிதர், போர்க்களம் கண்டவர். இந்தக் கலையை உருவாக்கியவராகக் கிராமம் கொண்டாடுவது இவரைத்தான்.

ஆக, குடும்பத்தில் எத்தனையாவது பிறப்பு என்று எண்ணினால் சென் பு 1. கலை எத்தனையாவது கை மாறியது என்று எண்ணினால் வாங்டிங் 1. இடையில் எட்டுத் தலைமுறை வித்தியாசம். சென் குடும்பத்தின் பெயர்பெற்ற ஆசிரியர் சென் சியாவ்வாங்கைக் குடும்பத்தில் 19ஆம் தலைமுறை என்றும் கலையில் 11ஆம் தலைமுறை என்றும் எழுதுவார்கள். அவர் தலைமுறை ஆசிரியர் ஒருவரின் சீடர் 20, அல்லது 12.

உங்கள் ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்டால் சந்தோஷப்படுவார்.

மூங்கில்நிழல்:

நன்றி ஐயா. இவ்வளவு எளிதாக முடியும் என்று நினைக்கவில்லை. முகாமில் வாய்ச்சண்டை போட்டவர்களுக்கு இதை அப்படியே அனுப்பிவிட்டேன்.

காலைநேரம்:

நான் தாய் சியின் இன்னொரு பிரிவான யாங் வழியில் பழகுகிறேன். எங்கள் வகுப்பில் "6ஆம் தலைமுறை" என்பார்கள். இதுவரை இதை யோசித்ததே இல்லை. எங்கள் எண் யாங் லூசானிடமிருந்து தொடங்குகிறது, அவர் 1. ஆனால் அவர் சென்ஜியாகோவில் சென் சாங்சிங்கிடம் படித்தவர் அல்லவா? அப்படியானால் அவர் எப்படி 1 ஆக முடியும்?

ஆற்றங்கரை:

நல்ல கேள்வி சகோதரி. ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். நான் முதல்முறை இப்படி எழுதிப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

சென் சாங்சிங் (1771–1853) குடும்பத்தில் 14ஆம் தலைமுறை. நிமிர்ந்த முதுகோடு அசையாமல் நிற்பதால் அவருக்கு ஊரில் "நினைவுப்பலகை ஐயா" என்று பட்டப்பெயர், முன்னோர் பெயர் எழுதி வழிபடும் மரப்பலகை போல நிற்பாராம். அவர் மகன் கெங்யுன் 15, பேரன் யான்சி 16, கொள்ளுப்பேரன் சென் ஃபாகே (1887–1957) 17.

பக்கத்தில் உங்கள் வழி. சாங்சிங்கின் சீடர் யாங் லூசான் (1799–1872), அவர் மகன் ஜியான்ஹோவ், அவர் மகன் யாங் செங்ஃபூ (1883–1936). சாங்சிங்கிலிருந்து எண்ணினால் செங்ஃபூவும் 17ஆவது படியில்தான் நிற்கிறார். ஃபாகேவுக்கும் அவருக்கும் நான்கே வயது வித்தியாசம். 1928ஐ ஒட்டி செங்ஃபூ பெய்ஜிங்கை விட்டுத் தெற்கே ஷாங்காய் பக்கம் போகிறார், அதே சமயத்தில்தான் ஃபாகே தலைமுறைகளாகக் கிராமத்துக்குள் இருந்த வடிவத்தைப் பெய்ஜிங்குக்குக் கொண்டுவருகிறார். ஒரே முற்றத்திலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள், உங்களுடையது மென்மையாக, சீரான வேகத்தில். ஃபாகேவுடையது சுருண்டு வெடித்து, காலைத் தரையில் ஓங்கி மிதித்து. பார்த்த பெய்ஜிங்காரர்களில் பலர் இது தாய் சியே இல்லை என்றார்கள்.

யாங் லூசான் ஏன் 1 என்றால், அவர் சென் குடும்பத்து ஏட்டில் ஏற முடியாது. அது பிறப்புப் பதிவு. ஆகவே அவர் வீட்டார் தங்கள் எண்ணைத் தாங்களே தொடங்கினார்கள். அதில் தப்பில்லை.

பச்சைத்தேநீர்:

யாங் லூசான் வேலைக்காரனாக, ஊமைபோல் நடித்து, ராத்திரி சுவருக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்துக் கற்றார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குடும்பத்துக்கு வெளியே சொல்லித் தரக் கூடாது என்ற விதி இருந்ததால்தானே அப்படி?

ஆற்றங்கரை:

அந்தக் கதை எல்லோருக்கும் பிடித்தது, நாடகமாகவும் படமாகவும் ஆயிற்று. ஆனால் நான் நம்பும் வடிவம் வேறு. ஹெபெய் மாகாணம் யோங்நியானில் சென் டேஹு என்ற சென்ஜியாகோ ஆள் மருந்துக்கடை வைத்திருந்தார். யாங் லூசான் அதே ஊர்க்காரர், ஏழை. கடைத் தொடர்பில் சென்ஜியாகோவுக்குப் போய் டேஹு வீட்டில் வேலைக்கு நின்றார். சாங்சிங் பாடம் நடத்தியது அந்த வீட்டில்தான். ஒளிந்து பார்த்து இந்தக் கலை வராது. பழகியவர்களுக்குத் தெரியும், ஆசிரியர் இடுப்பில் கை வைத்துத் திருத்தாமல் ஒரு சுற்றுக்கூட உடம்பில் உட்காராது. பெய்ஜிங்கில் "வெல்ல முடியாத யாங்" என்று பெயர் வாங்கும் அளவுக்கு ஒருவர் தேறினார் என்றால், சாங்சிங் அவரை வருடக்கணக்கில் தன் கையால் திருத்தியிருக்கிறார். அந்தப் பெரிய மனதைச் சுவர்க்கதை மறைத்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

விதி என்று கேட்டீர்கள். வாங்டிங் பெயரில் ஒரு பாட்டு வழங்குகிறது. போர்க்களம் கண்ட கிழவன் பேசுவது போல இருக்கும். இப்போது 'மஞ்சள் முற்றம்' என்ற தாவோ சுவடி ஒன்றுதான் துணை, மனம் கனக்கும்போது குத்துவரிசை படைக்கிறேன், வேலைக் காலத்தில் உழுகிறேன், ஓய்வில் சீடர்களுக்கும் பிள்ளைகள் பேரன்களுக்கும் கற்பிக்கிறேன் என்று போகும். சீடர்கள் என்று நான் சொன்ன சொல்லைக் குடும்பத்து இளையவர்கள் என்றும் படிக்கிறார்கள். நான் சீடர்கள் என்றே படிக்கிறேன்.

சிலம்பன்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். சீனத் தற்காப்புக் கலை எல்லாமே காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மரிடம் தொடங்கியது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். சென் குடும்பமும் ஷாவோலின் மடமும் ஒரே மாகாணம். வாங்டிங்குக்கு முன்னால் உள்ள வேர் நம்மிடம் இருக்கிறதா?

ஆற்றங்கரை:

சிலம்பன், உங்கள் ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் சான்று அப்படிச் சொல்லவில்லை. போதிதர்மரைக் குத்துவரிசையோடு சேர்த்துப் பேசும் எழுத்து, 'தசைநார் மாற்றும் சுவடி' என்ற நூலோடு 17ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. அவர் காலத்துக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் பிந்தியது. தியான வழியில் அவர் இடம் பெரியது, அதை யாரும் மறுக்கவில்லை.

இதைப் போட்டு உடைத்தவர் தாங் ஹாவ். சட்டம் படித்தவர், ஆகவே சாட்சியம் கேட்கும் பழக்கம் உண்டு. ஷாவோலினையும் வுடாங் மலையையும் பற்றி 1930இல் அவர் வெளியிட்ட ஆய்வில் போதிதர்மர் கதையும் போயிற்று, தாய் சியைப் படைத்தார் என்று சொல்லப்பட்ட ஜாங் சான்ஃபெங் என்ற மலைத் துறவி கதையும் போயிற்று. அப்புறம் அவரே சென்ஜியாகோவுக்குப் போய் வம்சாவளி ஏட்டைப் பார்த்தார். வாங்டிங்தான் மூலம் என்ற வாதத்தை உலகுக்குச் சொன்னது அவர்தான்.

வாங்டிங்குக்கு முன்னால் வேர் உண்டா என்றால், உண்டு. 16ஆம் நூற்றாண்டின் படைத்தலைவர் சி ஜிகுவாங் தன் போர்ப்பயிற்சி நூலில் 32 நிலைகளைத் தொகுத்தார். அவற்றில் 29 சென் குடும்ப வரிசைகளில் இருக்கின்றன என்று தாங் ஹாவ் ஒப்பிட்டுக் காட்டினார். ஒற்றைச் சவுக்கு என்று நாம் தினமும் போடும் நிலைகூட அந்தப் பட்டியலில் உண்டு.

எல்லைக்கல்:

ஆற்றங்கரை ஐயா மேல் மிகுந்த மரியாதை உண்டு, ஆனால் இங்கே ஒரு எதிர்க்குரல் வேண்டும். ஏடு ஏடு என்கிறோம். அந்த ஏடு வாங்டிங் காலத்துப் பிரதி இல்லை, பிற்காலத்தில் படியெடுத்தது. அவர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள குறிப்பு அவரைச் சென் குடும்பக் குத்து, வாள், ஈட்டி ஆகியவற்றைத் தொடங்கியவர் என்கிறது. தாய் சி என்ற சொல் அதில் கிடையாது. அந்தக் குறிப்பை யார், எப்போது சேர்த்தார்கள் என்பதே விவாதம்.

பக்கத்து ஊர்களையும் கேளுங்கள். ஜாவ்பாவ் ஊர்க்காரர்கள் தங்கள் வழி ஜியாங் ஃபா என்பவரிடமிருந்து வந்தது, சென் குடும்பத்திலிருந்து அல்ல என்கிறார்கள். சென்ஜியாகோவிலோ அதே ஜியாங் ஃபா வாங்டிங்கிடம் பணியாளாக இருந்தவர் என்கிறார்கள். போ-ஆய் மாவட்டத்தில் லீ குடும்பம் 1716 தேதியிட்ட தங்கள் வம்சாவளியைக் காட்டி, எங்கள் முன்னோரும் வாங்டிங்கும் சேர்ந்தே ஒரு கோயிலில் இதை உருவாக்கினார்கள் என்கிறது. ஒவ்வொரு குடும்பமும் தன் ஏட்டைத் தூக்கினால், ஏட்டை மட்டும் வைத்து எப்படித் தீர்ப்பது?

ஆற்றங்கரை:

எல்லைக்கல் சொன்ன எதையும் மறுக்க மாட்டேன். லீ குடும்ப ஏட்டின் நம்பகத்தன்மை பற்றி அறிஞர்களுக்குள் கடும் கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி லீ யியூ. வூ யூசியாங்கின் (1812–1880) அக்கா மகன், சீடரும்கூட. அந்த வூ யூசியாங் யாங் லூசானின் ஊர்க்காரர், முதலில் அவரிடம் படித்து, போதாமல் ஜாவ்பாவுக்குப் போய் சென் சிங்பிங்கிடமும் படித்தவர். லீ யியூ ஒரு சிறு முன்னுரை எழுதியிருக்கிறார். 1867 பிரதியில் தாய் சி சுங் காலத்து ஜாங் சான்ஃபெங்கிடம் தொடங்கியது என்று இருக்கிறது. 1881இல் தன் கைப்பட எழுதிய பிரதியில் அந்த வரியை மாற்றிவிட்டார். இது யாரிடம் தொடங்கியது என்று தெரியவில்லை என்று எழுதினார். கலையில் இவ்வளவு ஆழம் போன ஒருவர், புகழ்பெற்ற துறவியின் பெயரைத் தானே அடித்துவிட்டுத் தெரியவில்லை என்கிறார். குருவழி எழுதுகிற எல்லோரும் அந்த ஒரு திருத்தத்தைப் படிக்க வேண்டும்.

சாங்சிங்கிலிருந்து கீழே வரும் வழியில் இந்தச் சந்தேகம் இல்லை. அங்கே ஆட்கள், ஊர், காலம் எல்லாம் பொருந்துகிறது.

காலைநேரம்:

அப்படியானால் ஒன்று கேட்கிறேன். 20 என்பது பிறப்பு எண் என்றால், சென் குடும்பத்தில் பிறக்காதவர், அதுவும் வேறு நாட்டுக்காரர், அதைப் போட்டுக்கொள்வது சரியா? எனக்கு அது இன்னொருவர் வீட்டு ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது மாதிரி படுகிறது.

ஆற்றங்கரை:

கடுமையான கேள்வி. இதற்கு 1958க்குப் போக வேண்டும்.

சென் ஜாவ்பெய் (1893–1972), 18ஆம் தலைமுறை. சென் குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பொது எழுத்து வைக்கும் வழக்கம் உண்டு. ஜாவ்பெய், ஜாவ்குய், ஜாவ்சூ என்று 'ஜாவ்' வந்தால் 18ஆம் தலைமுறை என்று பெயரைக் கேட்டதுமே தெரியும். இவர்தான் 1928இல் முதலில் பெய்ஜிங் போனவர். 1930இல் நான்கிங்குக்கு அழைப்பு வர, பெய்ஜிங் மாணவர்களைச் சித்தப்பா முறையான ஃபாகேவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

65 வயதில் ஊர் திரும்பிப் பார்த்தால் முற்றங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. போரும் பஞ்சமும் பார்த்த ஊர். தேர்ந்த கைகள் பல போய்ச் சேர்ந்துவிட்டன, மீதிப் பேர் வெளியூரில். மனிதர் தன் வீட்டிலேயே இளைஞர்களைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். உடனே பெரும் பஞ்ச வருடங்கள் வந்தன. அப்புறம் கலாசாரப் புரட்சி, அதில் அவருக்கு நேர்ந்த அவமானம் சொல்ல முடியாதது. கொஞ்ச காலம் எல்லாம் நின்றது. கெடுபிடி தளர்ந்ததும் மறுபடி தொடங்கினார். சாகும்வரை விடவில்லை.

அவரிடம் பழகி வந்தவர்களில் நால்வர் உலகம் அறிந்தவர்கள்: சென் சியாவ்வாங், சென் ஜெங்லெய், வாங் சியான், ஜூ தியான்சாய். பெயர்களைப் பாருங்கள். இரண்டு பேர் சென் இல்லை. வாங்கும் ஜூவும் அதே ஊரில் வளர்ந்த வேறு குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களையும் 19ஆம் தலைமுறை என்றே சொல்கிறார்கள், ஊரில் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஜாவ்பெய் எண்ணியது வந்து நின்ற பிள்ளைகளைத்தான். குடும்பப் பெயரை அல்ல.

அவர் மறைந்த பிறகு ஃபாகேவின் மகன் ஜாவ்குய்யை (1928–1981) பெய்ஜிங்கிலிருந்து வரவழைத்தார்கள். அவர் போட்ட வரிசையைப் பார்த்து ஊர்க்காரர்களே இது புதிதாக இருக்கிறதே என்றார்கள். அப்படித்தான் ஊரில் இருந்த வரிசைக்குப் பழைய சட்டம், இவர் கொண்டுவந்ததற்குப் புதிய சட்டம் என்று பெயர் வந்தது (சட்டம் என்றால் இங்கே வரிசையின் வடிவம்). ஊரிலிருந்து போன கலை பெய்ஜிங்கைச் சுற்றிக்கொண்டு ஊருக்கே வந்தபோது, அடையாளம் தெரியவில்லை.

எல்லைக்கல்:

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. சியாவ்வாங் ஃபாகேவின் பேரன். பட்டியலில் ஃபாகே, அவர் மகன் ஜாவ்சூ, அவர் மகன் சியாவ்வாங் என்று நேர்கோடு போட்டுவிடுகிறார்கள். ஆனால் அவர் வளர்ந்து பழகியது பெரும்பாலும் ஜாவ்பெய்யிடம், பிறகு சித்தப்பா ஜாவ்குய்யிடம். ரத்தம் ஒரு வழியாக வந்தது, பாடம் வேறு வழியாக வந்தது. பட்டியல் போடுகிறவர்கள் இரண்டையும் ஒரே மையில் எழுதுகிறார்கள். மூங்கில்நிழல் கண்ட குழப்பத்துக்கு அதுதான் காரணம் என்பேன். எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு யாரிடம், எங்கே, எத்தனை வருடம் என்று மட்டும் எழுதினால் போதும்.

காலைநேரம்:

ஆற்றங்கரை ஐயா, வாங், ஜூ விஷயம் என்னைக் கொஞ்சம் மாற்றிவிட்டது. ஆனாலும் அவர்கள் அந்த ஊரில், அந்த முற்றத்தில், பஞ்ச காலத்தில் பசியோடு பழகியவர்கள். அந்த எண் அவர்களுக்குப் பொருந்தும். வார இறுதி வகுப்புக்குப் போகும் நான் அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வராது. எங்கள் "6"ஐயும் இனிச் சொல்ல மாட்டேன். என் ஆசிரியர் பெயரைச் சொல்வேன்.

சிலம்பன்:

எங்கள் பக்கத்திலும் யாரிடம் படித்தாய் என்றுதான் கேட்பார்கள், எத்தனையாவது என்று கேட்க மாட்டார்கள். போதிதர்மர் பற்றிய பதிலுக்கு நன்றி ஐயா. முதலில் வலித்தது. லீ யியூ தன் வரியைத் தானே அடித்தார் என்று படித்ததும் மனம் ஆறியது.

மூங்கில்நிழல்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். ஆசிரியரிடம் கேட்டேன். ஆற்றங்கரை ஐயா சொன்னது போலவே சந்தோஷப்பட்டார். இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று பத்து வருடமாகக் காத்திருந்தாராம். எட்டின் கணக்கு அவருக்குத் தெரியும். பெரியவர் கொடுத்த சீடர் பத்திரத்தில் 20 என்று இருந்ததால் அப்படியே எழுதினேன், அவர் கையெழுத்தை நான் மாற்றக் கூடாது என்றார்.

எல்லைக்கல் சொன்ன ரத்தம், பாடம் விஷயத்தைப் படித்துக் காட்டினேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த வகுப்புக்கு வரும்போது வெள்ளைத்தாள் சுருள் ஒன்றும் இரண்டு பேனாவும் கொண்டுவந்தார். வகுப்பு முடிந்து நாங்கள் ஐந்து பேர் தரையில் உட்கார்ந்து பட்டியலைப் புதிதாக எழுதினோம். பிறப்புக்குக் கறுப்பு, பாடத்துக்குச் சிவப்பு. வாங்டிங்கிலிருந்து சாங்சிங் வரை அவர் புள்ளிக்கோடாகவே விட்டார். சாங்சிங்கிலிருந்து யோங்நியானுக்குச் சிவப்புக்கோடு போனபோது, இதை என் ஆசிரியர் பார்த்தால் ஒப்புக்கொள்வார் என்றார். தன் பெயருக்கு நேரே "சென் புவிலிருந்து 20, வாங்டிங்கிலிருந்து 12" என்று எழுதினார்.

ஜாவ்பெய் வந்த இடத்தில் தாளில் இடம் போதவில்லை. அவர் பெயரிலிருந்து சிவப்பு நான்காகப் பிரிகிறது, ஜாவ்குய்யிடமிருந்தும் அந்த நால்வரை நோக்கிச் சிவப்பு வருகிறது, கறுப்பு வேறு குறுக்கே போகிறது. இன்னொரு தாளைப் பக்கத்தில் ஒட்டினோம். ஜாவ்பாவ் வழியும் சிறுசட்டம் என்ற சென் கிளையும் இன்னும் எழுதவில்லை, வலது ஓரத்தில் இடம் விட்டிருக்கிறோம். ஆற்றங்கரை ஐயா நேரம் கிடைக்கும்போது சென் சிங்பிங் பற்றித் தெரிந்ததை எழுதினால், அடுத்த ஞாயிறு அதையும் சேர்த்துவிடுவோம்.